ஊவா மலையும் குடித்தொகையும்

பட்டிப்பளைக்கும் ஒகியாவுக்கும் இடையே 6,226 அடி உயரமான உச்சியைத் தாண்டியபின், பதுளைப் புகைவண்டி மலைமுகட்டின் விளிம்போரமாக ஊர்ந்து அப்புத்தளையை அடைகின்றது. வடக்கே வெலிமடையும் பண்டாரவளையும் அமைந்த மேடுபள்ளமான ஊவா மேட்டுநிலம் விரிகின்றது. தெற்கே மலை ஒரேயடியாகச் சரிந்து இறங்குகின்றது. அதற்கப்பால் வெயிலில் மங்கித் தோன்றும் தென்புறச் சமவெளி. அப்புத்தளைக் கடைத்தெரு இவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள ஒடுங்கிய மலைமுதுகின்மேல் அமர்ந்திருக்கின்றது. வடசரிவில் விழும் மழைநீர் உமா ஓயாவைச் சேர்ந்து மகாவலியிற் கலக்கும். தென்சரிவில் விழுவது வளவை கங்கைக்கோ கிரிந்தி ஓயாவுக்கோ போய், வறண்ட நாட்டு வயல்களை நனைக்கும். ஆகவே இம்முதுகின்மேல் நிற்கும் காட்டுக்கு என்ன நேர்கின்றது என்பது மலைவாசிகளின் கவலை மாத்திரமன்று.

ஒரு மலை எத்தனை பேரைத் தாங்கும் என்ற கேள்வி இக்காலத்தில் அடிக்கடி கேட்கப்படுகின்றது. 1798இல் மல்தசு என்னும் ஆங்கிலேயர், உண்போர் தொகை உணவுப் பெருக்கத்தை முந்திவிடும் என்று எழுதிய நாள்முதல், நிலத்துக்கு வரும் கேட்டையெல்லாம் தலைகளை எண்ணியே கணக்கிடும் வழக்கம் வேரூன்றிவிட்டது. ஊவாவின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர் வேறொரு கணக்கைக் காண்பர். இங்கே காடு மிகுதியாக அழிந்த காலத்தில் மக்கள் தொகை சிறிதாகவே இருந்தது.

ஊவா வெல்லச நாட்டில் 1817இல் மூண்ட கிளர்ச்சியை ஆங்கிலேயர் 1818இல் அடக்கிய முறை யாவரும் அறிந்ததே. ஊர்கள் எரிக்கப்பட்டன, தானியமும் கால்நடையும் அழிக்கப்பட்டன. அக்காலத்தில் இலங்கையிற் பணியாற்றிய மருத்துவர் ஜோன் டேவி, மலையகத்தார் பக்கத்தில் மாண்டோர் பத்தாயிரம் பேர் அளவில் இருக்கலாம் என்று தமது நூலிற் குறித்துள்ளார். போரிலே மாண்டவரினும் பசியாலும் நோயாலும் மாண்டவரே அதிகம். வயலும் சிறு குளமும் சேனைப்பயிருமாக இருந்த நாட்டிலே பல இடங்கள் ஆளற்றுப் போயின. அக்காலத்து ஊவாவின் துயரம் குடி பெருகியதாலன்று, குடி குன்றியதால் வந்தது.

குடி குன்றிய நிலம் 'வெறும் நிலம்' என்று ஏட்டில் ஏறுவதற்கு அதிக காலம் செல்லவில்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டையும் தரிசையும் சேனை நிலத்தையும் முடிக்குரியனவாகக் கொண்டது. பல ஆண்டுக்கு ஒரு முறை வெட்டி விதைத்துப் பின் காடாக விட்டுவைக்கும் சேனை நிலத்துக்கு எவரிடம் உறுதி இருக்கும்? கிராமத்தார் மாடு மேய்த்த புல்வெளியும், விறகும் மருந்தும் எடுத்த காடும் இவ்வாறே அரசின் கைக்கு மாறின. அரசிடமிருந்து அவற்றை வாங்கியோர் கோப்பித் துரைமார்.

காடு வெட்டிய விதத்தை அக்காலத்தார் வியப்போடு எழுதிவைத்துள்ளனர். மலைச்சரிவின் அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு மரத்தையும் பாதியளவு வெட்டி நிற்கவிட்டு மேலேறுவர். உச்சியிலுள்ள பெருமரங்களை மட்டும் முழுதாக வெட்டிச் சாய்ப்பர். அவை கீழுள்ளவற்றின்மேல் விழ, அவை தமக்குக் கீழுள்ளவற்றைச் சாய்க்க, சரிவு முழுவதும் ஒரே முழக்கத்தோடு படுத்துவிடும். சில வாரம் காய்ந்தபின் தீயிடுவர். நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த இலைமண், சாம்பலோடு கலந்து முதல் மழையிலே ஓடையைத் தேடிப் போகும். இதைச் செய்து முடிக்கச் சில நூறு பேரின் கோடரிகளே போதியனவாயின. இவ்வாறு வெட்டுண்ட நிலம், 1870களின் இறுதியில் நாடெங்கும் இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கர் அளவிற் கோப்பித் தோட்டமாகியிருந்தது.

பலவகை மரமும் கொடியும் நின்ற இடத்தில் ஒரே செடியை மைல் கணக்கில் நிறுத்தியதன் பலன் ஊவாவிலேயே முதலில் தெரிந்தது. பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமைப் பகுதியில், 1869ஆம் ஆண்டு, கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. அது ஒருவகைப் பூஞ்சணம். முதலில் அதைப் பொருட்படுத்தியோர் சிலரே. காற்று அதனைத் தோட்டத்துக்குத் தோட்டம் கொண்டு சென்றது. 1880இல் இதனை ஆராய வந்த மார்ஷல் வார்ட் என்னும் இளம் அறிஞர், நோய் இத்துணை விரைந்து பரவியதற்கு இடையில் காடின்றிச் செடியோடு செடி தொடர்ந்து நின்றதே ஏது என எடுத்துரைத்தார். ஓரின மரங்களாலான காட்டுக்கும் ஒரே பயிருக்கும் வரும் ஆபத்தைப் பற்றி அறிவியல் உலகம் கற்ற முதற் பாடங்களுள் ஒன்று இது. ஆயினும் அப்பாடத்தைக் கேட்டபின் தோட்டத்தார் செய்தது, கோப்பியைப் பிடுங்கிவிட்டு, இடையிலே சிறிது காலம் சின்கோனாவை நட்டுப் பார்த்து, பின் அதே சரிவுகளில் தேயிலையை மைல் கணக்கில் நட்டதேயாம்!

இம்மாற்றம் மண்ணுக்கு எவ்வாறோ, மக்களுக்குப் பெருமாற்றம். கோப்பிப் பழம் பறிக்கும் பருவம் சில மாதமே. தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்து, வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலரைப் பலிகொடுத்து வந்த தொழிலாளர், பருவம் முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினர். வந்தோரில் ஆண்களே மிகுதி. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடும் செடி. வாரத்துக்கொரு முறை கை அதன்மேல் பட்டாக வேண்டும். ஆகவே ஆண்டு முழுவதும் ஆள் வேண்டியதாயிற்று. கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டியதாயிற்று. பெண்கள் வந்தமையால் குடும்பம் வந்தது, குழந்தைகள் பிறந்தன. மலைநாட்டில் நிலையான தமிழ்க் குடித்தொகையொன்று உருவாகியதற்குக் காரணம் அம்மக்களின் இயல்போ விருப்போ அன்று. தேயிலைச் செடியின் இயல்பே அது. பிற்காலத்தில் 'தோட்டத்தார் பெருகிவிட்டனர்' என்று குறைப்பட்டோர் இதனை நினைத்ததாகத் தெரியவில்லை.

ஊவா மாகாணம் 1886இல் தனி மாகாணமாயிற்று. 1890இல் கிளாஸ்கோ நகரத்து வணிகர் தொமஸ் லிப்டன் வந்து அப்புத்தளையை அடுத்த தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1893இல் புகைவண்டி அப்புத்தளைக்கும், மறுவருடம் பண்டாரவளைக்கும் வந்தது. பதுளையை எட்ட 1924 ஆயிற்று. கடைத்தெருவிலே சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்துக் கடை வைத்தனர். இரண்டு மூன்று மைலுக்கு அப்பால் தியத்தலாவையில் 1900ஆம் ஆண்டு தென்னாபிரிக்கப் போர்க் கைதிகளான போயர்கள் ஐயாயிரம் பேர் அளவில் கொண்டுவந்து வைக்கப்பட்டதையும் சேர்த்துக்கொண்டால், இம்மலைமுதுகு எத்தனை வகை மனிதரைக் கண்டது என்பது புலனாகும். போயர்கள் போர் முடிந்ததும் திரும்பிச் சென்றனர். தொழிலாளர்க்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவிலான காம்பராக்கள் வரிசையாய் அமைந்த லயங்கள் எழுந்தன. லயம் எங்கே கட்டப்படும் என்பதைத் தேயிலையே தீர்மானித்தது. நல்ல மண் செடிக்கு உரியது. செடி பயன்படாத ஓடைக்கரையும், சரிவின் மடியும், கற்பாறை அடிவாரமும் குடியிருப்புக்கு உரியன. இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

காட்டைக் காத்த செயலும் இவ்வரலாற்றில் ஒன்று உண்டு. 1873இல், கியூ தாவரப் பூங்காவின் தலைவராயிருந்த ஜோசப் ஹூக்கர், இலங்கையில் ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளைத் தொடலாகாது என்று அறிவுரை கூறினார். மழையும் ஊற்றும் மண்ணும் அக்காடுகளையே நம்பியிருக்கின்றன என்பது அவர் வாதம். அரசு அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது. அப்புத்தளை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,700 அடி. எனவே ஹூக்கர் கிழித்த கோடு கடைத்தெருவுக்கு முந்நூறு அடி மேலே செல்கின்றது. அக்கோட்டுக்கு மேலும் தேயிலை ஏறிய இடங்கள் உண்டு. லிப்டன் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் இருக்கையே ஆறாயிரம் அடிக்கு மேலே, தேயிலை நடுவே உள்ளது. என்றாலும் ஹோட்டன் சமவெளியும் அதனைச் சூழ்ந்த காடும் எஞ்சியதற்கு அவ்வாணை முக்கிய காரணம். அச்சமவெளி 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. 2010இல் நடு மலைநாட்டுக் காடுகளின் ஒரு பகுதியாக உலக மரபுச் சொத்துக்களுட் சேர்ந்தது. அப்புத்தளைக்கு அருகே தங்கமலைக் காடும் 1938இலேயே சரணாலயமாயிற்று. கீனா மரத்தின் பாசி படர்ந்த கிளைகளும், வேறெந்த நாட்டிலும் இல்லாத பறவைகளும் அங்கே இன்னும் உள. குறைவான மக்கள் காட்டை அழித்ததும், மக்கள் பெருகிய நூற்றாண்டிலேயே அதன் ஒரு பகுதி காக்கப்பட்டதும் ஒரே மலையில் நிகழ்ந்தன.

குடித்தொகை உண்மையாகவே பெருகியது பின்னர்தான். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கை மக்கள் 66 இலட்சத்துக்குச் சற்று அதிகம். 1981இல் ஒரு கோடியே 48 இலட்சம். முப்பத்தைந்து ஆண்டில் இரு மடங்குக்கு மேல்! மலேரியா ஒழிப்பும் வைத்திய வசதியும் பெருகியமையால், ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1946க்கும் 1947க்கும் இடையே, ஒரே ஆண்டில், 14 ஆகக் குறைந்தது. உலகெங்குமுள்ள குடித்தொகை வல்லுநர் அந்நாளில் இலங்கையை எடுத்துக்காட்டாகக் கூறினர். நிலப்பசி கண்டிச் சிங்கள விவசாயிகளை உண்மையில் வாட்டியது. தோட்டங்களுக்கு இடையே ஒடுங்கிய பள்ளத்தாக்குகளில் வயல் பங்கு பங்காகத் துண்டுபட்டது. அவர்தம் நிலைமையை ஆராய 1949இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு 1951இல் அறிக்கை அளித்தது. அக்குறை பொய்யன்று. ஆயின் அதன் விடை வேறு திசையிலிருந்து தேடப்பட்டது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பம் செய்யப்பட்டது. உரிமை பெற்றோர் ஒரு இலட்சத்து 34 ஆயிரம் பேர் அளவிலேயே. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட உடன்படிக்கை, 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கெடுத்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு. 3 இலட்சம் இலங்கைக்கு. மிகுதி ஒன்றரை இலட்சம் பின்னர் பார்ப்பது. 1974இல் அம்மிகுதியும் சரிபாதியாய்ப் பிரிக்கப்பட்டது. பிரிக்கப்பட்டோரின் விருப்பத்தை எவரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. ஊவாவிலிருந்தும் ஏனைய மலைப் பகுதிகளிலிருந்தும் தலைமன்னாருக்குச் சென்ற வண்டியை மலைநாட்டார் 'அழுகைக் கோச்சி' என்றனர். 1971இல் 11 இலட்சத்து 74 ஆயிரமாக இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரமாயிற்று. உலகில் எந்தச் சமூகத்தின் தொகையும் பத்தாண்டில் இவ்வாறு இறங்குவது அரிது.

மலையின் பாரம் குறைந்ததா? இல்லை. தோட்டத்தார் தொகை இறங்கிய அதே ஆண்டுகளில் மண் அரிப்பு நின்றபாடில்லை. புல்பூண்டு ஒன்றும் விடாது செடிகளின் நடுவே மண்ணைச் சுரண்டி வைத்த பழைய களையெடுப்பு முறை, மேல்மண்ணை முன்னரே கொண்டுபோயிருந்தது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது பாதி வேலை முடிந்துவிட்டதென்றே கூறலாம். 1960களின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கு இறக்குமதி தடுக்கப்பட்டதும், வெலிமடைப் பக்கத்துச் செங்குத்தான சரிவுகள் கிழங்குப் பாத்திகளாயின. அது நல்ல வருமானம். விவசாயியைக் குறைகூற முடியாது. வெறும் புல்லாயிருந்த பத்தனைச் சரிவுகளில் பைன் மரங்கள் வரிசையாக நடப்பட்டன. அவை மண்ணைப் பிடித்தன என்பது உண்மையே. ஆனால் ஒரே இனமான அம்மரங்களின் கீழே உதிர்ந்த ஊசியிலை, கச்சான் காற்று வீசும் மாதங்களில் நெருப்புக்கு விருந்தாகின்றது. மடுல்சீமையிற் கற்ற பாடம் ஏட்டிலேயே தங்கிவிட்டது போலும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு, வேதனை கலந்த வேடிக்கை. தாயகம் திரும்பியோரைக் குடியமர்த்த, தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியிலே தேயிலைத் தோட்டங்களை நிறுவத் தொடங்கியது. கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களிற் காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள், பாட்டன் காலத்தில் ஊவாவிற் காடு வெட்டித் தேயிலை நட்டவரின் பேரப்பிள்ளைகள். ஒரு மலையில் ஆள் மிகுதி என்று அனுப்பப்பட்டோருக்கு வாழ்விடம் அமைக்க, வேறொரு மலையின் காடு போயிற்று. 2022இல் அந்நிலத்தில் ஒரு பகுதியைக் காட்டுத்துறையிடம் மீட்டளிக்க ஆணை பிறந்தபோது, 'மீண்டும் எங்கே போவது?' என்ற கேள்வி அத்தோட்டங்களில் எழுந்தது.

இலங்கையில் எஞ்சியோர் மத்தியிற் பிறப்பைக் குறைக்கும் முயற்சியும் நடந்தது. குடும்பத் திட்டச் சங்கம் 1953இல் தோன்றியது. 1965 முதல் அரசே அப்பணியை மேற்கொண்டது. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டோர்க்குப் பணம் வழங்கப்பட்டது. தோட்டத்துப் பெண்கள் மிகப் பெருந்தொகையினராய் அச்சிகிச்சைக்கு உட்பட்டனர். அவர்களிற் பலருக்கு அப்பணம் பல நாள் கூலிக்குச் சமம் என்பதைக் கருதும்போது, அதிலே விருப்பம் எவ்வளவு, வறுமை எவ்வளவு என்று பிரித்தறிதல் எளிதன்று. இப்போது தோட்டங்களின் முறைப்பாடு ஆள் மிகுதி என்பதன்று, ஆள் பற்றாக்குறை என்பதே. இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும் கட்டிட வேலைக்கும் சென்றுவிடுகின்றனர்.

இனி, நினைவில் வைக்கச் சொன்ன லயங்களுக்கு வருவோம். அப்புத்தளையின் தென்சரிவில், கொஸ்லந்தைக்கு அருகே, ஹல்துமுல்லைப் பிரிவில் மீரியபெத்தை என்னும் தோட்டம் உள்ளது. மழை மிகுந்த 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை ஏழரை மணியளவில், மேலிருந்த மலைப்பகுதி பெயர்ந்து லயங்களின்மேல் விழுந்தது. வீடுகளோடு கோயிலும் மண்ணுள் மறைந்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் தப்பினர். மாலையில் அவர்கள் திரும்பி வருவதற்கு வீடும் இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை.

அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள் ஏன் வெளியேறவில்லை என்று அன்று சிலர் கேட்டனர். வெளியேறி எங்கே போவது? தோட்டத் தொழிலாளிக்குத் தான் படுத்துறங்கும் காம்பராவும் சொந்தமன்று. நிலம் அரசினுடையது. 1970களின் நிலச் சீர்திருத்தத்தால் அரசுக்கு வந்த தோட்டங்கள் 1992இற் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போய், நெடுங்காலக் குத்தகையில் 2045 வரை அவற்றின் கையில் உள்ளன. கிராமத்தான் ஒருவனுக்கு மேட்டில் ஒரு துண்டு இருந்தால், பள்ளத்து வீட்டை விட்டு அங்கே குடிசை போடலாம். தோட்டத்தானுக்கு அதுவும் இல்லை. சுற்றிலும் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் பரந்து கிடக்க, குடியிருக்க மட்டும் இடமில்லை. இதனைக் குடித்தொகை நெருக்கடி என்று சொல்வது பொருந்துமா என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

தப்பியோர் நெடுநாள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் தங்கவைக்கப்பட்டனர். 2016இன் பிற்பகுதியில், வேறொரு தோட்டத்து நிலத்தில் 75 வீடுகள் கட்டி ஒப்படைக்கப்பட்டன. அதே காலத்தில் மலைநாடெங்கும் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலமும் தனி வீடும் என்ற திட்டம், இந்திய அரசின் உதவியோடும் பிற உதவிகளோடும், மெல்ல நடைபெறத் தொடங்கியது. ஏழு பேர்ச் என்பது 1,900 சதுர அடி. வீடு போக ஒரு கீரைப்பாத்தி போடலாம், ஒரு பலாக்கன்று நடலாம்.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் கொட்டிய மழையில் ஊவாவின் சரிவுகள் மீண்டும் பல இடங்களில் இடிந்தன. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. இம்முறை சிங்களக் கிராமங்களும் தமிழ்த் தோட்டங்களும் ஒருசேர மண்ணுக்கு இரையாயின. எந்தச் சரிவு சரியக்கூடியது என்று காட்டும் வரைபடங்கள் ஆராய்ச்சி நிறுவனத்திடம் உள்ளன. அவ்வரைபடத்திற் சிவப்பாகக் குறிக்கப்பட்ட லயத்திலிருந்து ஒரு குடும்பம் பெயர்வதற்கு வேண்டியது ஏழு பேர்ச் நிலம்; அதை விடுவிக்கக் கம்பனியும் திணைக்களமும் அமைச்சும் கையொப்பமிட வேண்டும். மீரியபெத்தையில், முதல் எச்சரிக்கைக்கும் மலை விழுந்த காலைக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் இருந்தன.